மார்கழி மழைக்குள்ள நக்கிள்ஸ் ஏறப்போற பெடியளுக்கு

தம்பி கேட்டது இதுதான்: யாழ்ப்பாணத்தில இருந்து ஐஞ்சு பெடியள் மார்கழி (டிசம்பர்) லீவுக்கு நக்கிள்ஸ் மலைக்குப் போய் ரெண்டு இரவு ரென்ற் அடிச்சு மூண்டு நாள் நடக்கப்போகினமாம், மழை எண்டு எல்லாரும் வெருட்டினமாம், நனையாமல் இருக்க எந்த றெயின்கோட் வாங்கிறது, சாப்பாடு என்ன கொண்டு போறது, ஊரில ஒரு மேடுகூட இல்லாமல் எப்பிடிப் பழகிறது எண்டு. றெயின்கோட்டில இருந்து தொடங்கிறன், ஏனெண்டால் அந்தக் கேள்விதான் பிழை.

நனையாமல் வச்சிருக்கிற றெயின்கோட் எண்டு ஒண்டு கிடையாது தம்பி. மழை வெளியால நனைக்கும், ஏறேக்க வாற வேர்வை உள்ளால நனைக்கும். மோட்டச்சைக்கிளுக்குப் போடுற தடிச்ச றெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் ஏத்தம் ஏறினால் உள்ளுக்குப் போட்ட சேட்டைக் கழட்டிப் பிழியலாம். பத்தாயிரம் இருபதாயிரம் குடுத்து வாங்கிற ஜக்கெற்றும் நாள் முழுக்கக் கொட்டுற மழைக்குள்ள கடைசியில அதே கதைதான். அதால முதல் நாளே மனசைச் சரிப்படுத்திக்கொள்ளுங்கோ: பகலில நனைஞ்சு நடக்கிறது, இரவில காய்ஞ்சு படுக்கிறது. நான் கீழ எழுதிற எல்லாம் இந்த ரெண்டாவது பாதியைக் காப்பாத்திறதுக்குத்தான். பகல் முழுக்கத் தெப்பமா நனைஞ்சவன் இரவு காய்ஞ்ச உடுப்போட நித்திரை கொண்டால் அடுத்த நாள் பம்பலா நடப்பான், இரவும் ஈரத்தோட கிடந்தவன் ரெண்டாம் நாள் மத்தியானமே ஒரு சொல்லும் கதைக்கமாட்டான்.

இடத்தைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கோ. கண்டி மாவட்டத்திலயும் மாத்தளை மாவட்டத்திலயும் பரவிக் கிடக்கிற மலைத்தொடர் இது, ஆக உயரம் கொம்பனியா எண்ட சிகரம், 1906 மீற்றர், நக்கிள்ஸ் சிகரம் 1863 மீற்றர். 2010இல யுனெஸ்கோ உலக மரபுரிமையாச் சேர்த்த மத்திய மலைநாட்டில சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளியோட இதுவும் ஒரு பங்கு. உயரத்தைப் பாத்துப் பயப்பிட ஒண்டுமில்லை, மூச்சு முட்டுற உயரமில்லை. விசயம் மழைதான். தென்மேற்குப் பருவக்காத்தையும் வாங்கும், எங்களுக்கு மாரி கொண்டுவாற வடகீழ்ப் பருவக்காத்தையும் வாங்கும், வருசத்துக்கு 3000 தொடக்கம் 5000 மில்லிமீற்றர் வரைக்கும் விழும். யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க விழுறதே 1250 சொச்சம். எங்கடை வளவுக்குள்ள வெள்ளம் நிக்கிற அதே கிழமையில அதே காத்து அங்கை போய் மலையில மோதிக் கொட்டும் எண்டு கணக்குப் போடுங்கோ. லீவை மாத்தலாம் எண்டால் மாசி, பங்குனி நல்லம். மாத்தேலாது எண்டால் போங்கோ, ஆனால் மூண்டு நாள் நடைக்கு நாலு நாள் ஒதுக்கிப்போட்டுப் போங்கோ. அந்த நாலாவது நாள் ஏன் எண்டு ஆத்துக் கதையில சொல்லுறன்.

உடுப்பு. ஜீன்ஸை வீட்டிலயே விட்டுட்டுப் போங்கோ, நனைஞ்ச ஜீன்ஸ் பாரம் கூடும், காயாது, துடையை உரசிப் புண்ணாக்கும். பருத்தி ரீசேட்டும் அப்பிடித்தான், தண்ணியைக் குடிச்சுப்போட்டு மேலோட ஒட்டிக் கிடந்து சூட்டை உறிஞ்சும். இதுக்கு யாழ்ப்பாணத்துப் பெடியளுக்கு ஒரு சதமும் செலவில்லை, எல்லாற்றை அலுமாரிக்குள்ளயும் விளையாட்டுக் கழக ஜேர்சி நாலைஞ்சு கிடக்கும், அதுதான் ஆகத் திறம் மலை உடுப்பு. பிழிஞ்சு உதறிப் போட்டால் உடம்புச் சூட்டிலயே காயும். கீழுக்கும் அதே துணியில நீளக் காற்சட்டை. றெயின்கோட் வேணும்தான், அது நனையாமல் இருக்க இல்லை, காத்துக்கு. மாத்தளைப் பக்கத்தால ஏறுற ரிவர்ஸ்டன் எண்ட இடத்தில மேல காத்து எண்டால் ஆளைத் தள்ளும், ஈர உடம்பில அந்தக் காத்து பட்டால்தான் நடுக்கம் பிடிக்கும். அதால பாரமில்லாத, மெல்லிசான, தொப்பி வச்ச ஒண்டு காணும், ஏறேக்க முன்னுக்குத் திறந்து விடுங்கோ, நிக்கேக்க பூட்டுங்கோ.

குளிரை எங்கடை ஆக்கள் நம்பமாட்டினம். 1000 மீற்றர் ஏறினால் 6 பாகைக்குக் கிட்டக் குறையும், மார்கழி இரவில ஊரில 23 எண்டால் 1300 மீற்றரில 15 அளவில நிக்கும். 15 பாகை எண்டது காய்ஞ்ச ஆளுக்குச் சுகம், நனைஞ்ச ஆளுக்குக் காத்தும் சேர்ந்தால் ஆபத்து. ஒருத்தன் விடாமல் நடுங்கி, பிறகு கதை குழறி, சப்பாத்து நூல் கட்டேலாமல் தடுமாறுறான் எண்டால் அது களைப்பில்லை, உடம்புச் சூடு இறங்குது. அந்த இடத்திலயே நடையை நிப்பாட்டி ரென்ற்றை அடிச்சு, ஈரத்தைக் கழட்டி, காய்ஞ்சதைப் போட்டு, ரெண்டு பேருக்கு நடுவில படுக்க வச்சு, சீனி கூடப் போட்ட சுடு தேத்தண்ணி குடுங்கோ. சாராயம் குடுத்தால் சூடேறும் எண்டு ஆரும் சொன்னால் கேக்காதேங்கோ, அது தோலுக்குத்தான் சூடு, உள்ளுக்கு இன்னும் இறக்கும். எப்பிடியும் காட்டுக்குள்ள குடிவகை கொண்டுபோக விடமாட்டினம்.

இப்ப பாக் கட்டுற விதம், இதில கஞ்சத்தனம் படவேண்டாம். பாக்குக்கு மேல போடுற மழைக் கவரை நம்பாதேங்கோ, முதுகுப் பக்கத்தால தண்ணி இறங்கி அடியில தேங்கி நிக்கும். உள்ளுக்குத்தான் பாதுகாப்பு வேணும். உரப்பைக்குள்ள இருக்கிற தடிச்ச பொலித்தீன் பை இருக்கெல்லோ, அதை ரெண்டு மூண்டு தரம் வடிவாக் கழுவிக் காயவச்சு, பாக்குக்குள்ள இறக்கி விரிச்சுப்போட்டு எல்லாச் சாமானையும் அதுக்குள்ள அடுக்குங்கோ, வாயை முறுக்கி மடிச்சு இறப்பர் வளையம் போடுங்கோ. அதுக்குள்ள இன்னொரு சின்னப் பொலித்தீன், அதுக்குள்ள இரவு உடுப்பு: ஒரு நீளக்கைச் சேட், ஒரு சாரம், ஒரு சோடி தடிச்ச சொக்ஸ், ஏலுமெண்டால் ஒரு கம்பளித் தொப்பி. இந்தப் பையைப் பகலில திறக்கிறதில்லை. அடுத்த நாள் விடிய நல்ல மழையில எழும்பி, குளிர்ந்து கிடக்கிற ஈர ஜேர்சியைத் திரும்பப் போடோணும், அது ஒரு கொடுமைதான், காய்ஞ்ச சேட்டோட நடந்தால் என்ன எண்டு மனம் சொல்லும். சொல்லட்டும். ஈரத்தைப் போட்டுப் பத்து நிமிசம் நடந்தால் உடம்பு சூடாகீடும், காய்ஞ்சதை நனைச்சால் அடுத்த இரவுக்கு ஒண்டுமில்லை.

பின்னேரம் செய்யிற ஒழுங்கையும் சொல்லிவிடுறன். மூண்டு மணிக்கு மேல நடக்கிறதில்லை எண்டு வையுங்கோ, மார்கழியில ஆறு மணிக்குள்ள பொழுதுபட்டிடும், புகார் மூடினால் நாலரைக்கே கண் தெரியாது. ரென்ற் அடிக்கிற இடம் ஓடையில இருந்து தள்ளி, மேட்டில, மேல பட்ட கொப்பு இல்லாத இடமா இருக்கோணும். மழைக்குள்ள ரென்ற் அடிக்க முதல் ஒரு தறப்பாளைக் கயித்தில கட்டி அதுக்குக் கீழ நிண்டு அடிச்சால் உள்ளுக்குத் தண்ணி போகாது, இந்தத் தறப்பாள் சமைக்கவும் உதவும், பாரம் எண்டு விட்டுட்டுப் போகாதேங்கோ. ரென்ற்றுக்குக் கீழ விரிக்கிற பொலித்தீன் ரென்ற்றின்ரை விளிம்புக்கு வெளியால ஒரு விரற்கடைகூட நீட்டக்கூடாது, நீட்டினால் மேல விழுற மழையைப் பிடிச்சு நேரா உங்கடை முதுகுக்குக் கீழ கொண்டுவந்து விடும். பிறகு ஒராள் ஒராளா: வாசலில இருந்துகொண்டு சப்பாத்தையும் ஈர உடுப்பையும் கழட்டிப் பிழிஞ்சு வெளிப்பக்கப் பொலித்தீனுக்குள்ள போடுறது, காலை வடிவாத் துடைக்கிறது, விரலிடுக்கில வாஸ்லினோ தேங்காயெண்ணையோ பூசுறது, காய்ஞ்ச சொக்ஸ் போடுறது, அதுக்குப் பிறகுதான் உள்ளுக்கு. கால் நாள் முழுக்க ஊறி வெள்ளையாச் சுருங்கிக் கிடக்கும், இரவு ஏழெட்டு மணித்தியாலம் காய விட்டால்தான் தோல் கழராது. ஈரச் சாமான் ஒண்டும் ரென்ற்றுக்குள்ள வரக்கூடாது. இந்த விசயத்தில சிநேகிதம் பாக்காதேங்கோ.

சப்பாத்துக்கு ஆயிரம் அபிப்பிராயம். கணுக்கால் வரைக்கும் மூடுற விலைகூடின வோட்டர்புறூப் சப்பாத்தை நான் மழைக்குச் சொல்லமாட்டன், மேலால போன தண்ணி வெளியால வராது. பலபேர் இறப்பர் கட்டை வச்ச புட்போல் பூட்ஸோட ஏறுவினம், சேத்துக்கும் புல்லுக்கும் நல்லாப் பிடிக்கும், பாசி பிடிச்ச பாறையில வழுக்கும், அது தெரிஞ்சு போடுங்கோ. எதைப் போட்டாலும் புதுசா வாங்கின உடனை போடாமல் ஒரு மாசம் ஊரில நனைச்சு நடந்து பழக்கிக் கொண்டு போங்கோ. கால்நகத்தைப் போறதுக்கு முதல் நாள் வெட்டுங்கோ, இறக்கத்தில நகம் முன்னுக்கு இடிச்சுத்தான் கறுக்கிறது.

இப்ப ஆறு. மலையில மழைக்காலம் ஆக்கள் சாகிற இடம் உச்சியில்லை, ஓடை. எங்கடை பெடியளுக்கு நீந்தத் தெரியும், கீரிமலைக் கேணியிலயும் கடலிலயும் பழகினவை, அதுதான் எனக்குப் பயம். கேணித்தண்ணி நிக்கும், காட்டாறு இழுக்கும், முழங்காலளவு தண்ணி வேகமா வந்தாலே ஆளைப் புரட்டிப்போடும். மேல எங்கையோ ஒரு மணித்தியாலம் கொட்டினால் நீங்கள் நிக்கிற இடத்தில வெயில் எறிக்கேக்கயும் தண்ணி ஏறிவரும். தெளிஞ்சு ஓடினது கலங்கி மண்ணிறமா மாறுது, இலை, சுள்ளி அள்ளிக்கொண்டு வருது, இரைச்சல் கூடுது எண்டால் உடனை கரையேறுங்கோ, போட்டோவும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். தெல்கமு ஓயா எண்ட ஆறு மாதிரி இடங்களில குளிக்க ஆசை வரும், மழை நாளில வேண்டாம். கடக்கத்தான் வேணும் எண்டால் அகலமா, ஆழமில்லாமல் பரந்து ஓடுற இடமாப் பாருங்கோ, ஒடுங்கின இடம் கிட்டவாத் தெரியும், அங்கைதான் இழுவை. சப்பாத்தோட இறங்குங்கோ, பாக்கின்ரை இடுப்புப் பட்டியைக் கழட்டி விடுங்கோ, விழுந்தால் பாக்கை உதறேலும். மேல்நீரைப் பாத்து நிண்டு தடி ஊண்டிப் பக்கவாட்டில நகருங்கோ. முழங்காலுக்கு மேல எண்டால் கடக்கிறதில்லை. காத்திருங்கோ, கெதியா ஏறின தண்ணி மழை விட்டால் சில மணித்தியாலத்தில கெதியா இறங்கும், இறங்காட்டில் அந்தப் பக்கத்திலயே இரவு. இதுக்குத்தான் நாலாவது நாள். திங்கக்கிழமை வேலைக்கு நிக்கோணும், பஸ் புக் பண்ணியாச்சு எண்டு அவதிப்படுற ஆள்தான் கலங்கின தண்ணிக்குள்ள காலை வைப்பான்.

மண்சரிவும் அதே மாதிரி. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில லயங்களோட (தொழிலாளர் வரிசை வீடுகளோட) சனத்தை மண் மூடினது எங்களுக்கு மறக்கேலாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டம், பிரதேச செயலகம் எண்டு பிரிச்சு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எண்டு எச்சரிக்கை விடும். மாத்தளை, கண்டி மாவட்டத்தில நீங்கள் போற பகுதிக்கு மஞ்சள் எண்டாலே ஊரில இருந்து வெளிக்கிடாதேங்கோ, சிவப்பு எண்டால் அங்கை இருக்கிற சனத்தையே எழுப்பி அனுப்பிற நிலைமை. மலையில நிக்கேக்க நிலத்தில புது வெடிப்பு, சரிஞ்ச மரம், ஊத்து திடீரெண்டு நிண்டுபோறது, இல்லாத இடத்தில புதுசாச் சேத்துத்தண்ணி வாறது, இதில ஒண்டைக் கண்டாலும் அந்தச் சரிவுக்குக் கீழ நிக்கவேண்டாம். போனில 117 (அனர்த்த முகாமைத்துவம்), 1990 (அம்புலன்ஸ்) ரெண்டையும் போட்டு வையுங்கோ, ஆனால் உள்ளுக்குக் கனக்க இடத்தில சிக்னல் இல்லை, அதால எந்தப் பாதை, எங்கை படுக்கிறது, எத்தினை மணிக்குள்ள கோல் வராட்டில் ஆருக்கு அடிக்கோணும் எண்டு ஒரு பேப்பரில எழுதி வீட்டை குடுத்துப்போட்டுப் போங்கோ. அம்மா பயப்பிடுவா எண்டு ஒளிக்கிறவையும் இருக்கினம், விசர் வேலை.

அட்டை. எல்லாரும் கேக்கிறது இதைத்தான், உண்மையில இதுதான் ஆகச் சின்னப் பிரச்சினை. மழைக்கு இலைக்குக் கீழ இருந்து எழும்பி நிண்டு ஆடிக்கொண்டிருக்கும், காட்டுக்குள்ள நிண்டால் ஏறும், நடந்தால் குறைவு. நீளச் சொக்ஸுக்குள்ள காற்சட்டையைச் சொருகுங்கோ, அட்டைச் சொக்ஸ் எண்டு நெருக்கமான துணியில விக்கினம், அது திறம். சித்தாலேபத் தைலம், டெற்றோல், சவர்க்காரம் எதைப் பூசினாலும் ஓரளவு வேலை செய்யும், மழை கழுவிப்போடும், திரும்பப் பூசோணும். கடிச்சால் உப்புப் போடுறது, நெருப்பால சுடுறது வேண்டாம், அது உள்ளுக்கு இருக்கிறதைக் காயத்துக்குள்ள கக்கிப்போடும். மெல்லிசான பக்கம் இருக்கிற வாயை நகத்தால ஓரமாத் தள்ளி எடுங்கோ. ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளை ஏத்தும், அதால கொஞ்ச நேரம் வடியும், ஒரு பிளாஸ்ரர் காணும். சொறியாதேங்கோ, சொறிஞ்சுதான் புண்ணாக்கிறவை.

சாப்பாட்டில யாழ்ப்பாணத்து ஆக்களை அடிக்க ஆளில்லை. மழைக்குள்ள விறகு எரியாது, காட்டுக்குள்ள நெருப்பு மூட்டவும் கூடாது, அதால சின்னக் காஸ் குக்கர் ஒண்டு, அதிலயும் தேத்தண்ணியும் சுடுதண்ணியும் மட்டும் எண்டு வைச்சால் காஸ் காணும். மிச்சம் சமைக்காமல் சாப்பிடுற சாமான்: பருத்தித்துறைத் தட்டைவடை கிழமைக்கணக்கில கெடாது, நொறுங்காமல் இருக்க டப்பாவில போடுங்கோ. எள்ளுருண்டை, பொரிவிளாங்காய், கச்சான், பனங்கட்டி, பேரீச்சம்பழம் நடக்கேக்க பொக்கற்றுக்குள்ள. பொரிவிளாங்காய் பல்லை உடைக்கும் எண்டு ஊரில சிரிப்பினம், மலையில வாயில அடக்கிக்கொண்டு ஒரு ஏத்தம் ஏறலாம். இரவுக்குச் சத்துமாவைச் சீனியும் சுடுதண்ணியும் விட்டுக் குழைச்சால் முடிஞ்சுது, காலமை அவல். கருவாட்டுச் சம்பல் ஒரு போத்தில் ஆரும் கொண்டு வந்தால் அவனைக் கோயில் கட்டிக் கும்பிடலாம். புட்டு, சோறு பார்சல் முதல் நாள் மத்தியானத்தோட சரி. தண்ணி எங்கையும் ஓடும், ஆனால் கலங்கின தண்ணிக்குக் குளோரின் குளிசை சரியா வேலை செய்யாது, துணியில வடிச்சுப்போட்டுக் கொதிக்க வையுங்கோ. மழைக்குள்ள தாகம் தெரியாது, அதுக்காகக் குடிக்காமல் விடாதேங்கோ, ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச்சீனித் தூள்) பைக்கற் நாலைஞ்சு வையுங்கோ.

பழகிற விசயம். ஊரில மலை இல்லை, மணல் இருக்கு. வடமராட்சிப் பக்க ஆக்கள் எண்டால் மணற்காட்டு மணல் மேட்டில பாக்கோட ஏறி இறங்குங்கோ, கால் புதையப் புதைய ஏறிறது சேத்து ஏத்தத்துக்கு நல்ல பழக்கம். மற்றவை மாடிப்படி. ஏறிறதை விட இறங்கிறதைக் கூடச் செய்யுங்கோ, ஏத்தத்தில மூச்சுத்தான் வாங்கும், முழங்கால் போறது இறக்கத்தில. பாக்குக்குள்ள தண்ணிப் போத்திலை அடுக்கி, கிழமைக்குக் கிழமை கூட்டி, உங்கடை நிறையில ஐஞ்சில ஒரு பங்குக்கு மேல போகாமல் நிப்பாட்டுங்கோ. ஆறு கிழமை காணும். மற்றது ஒருக்கால் நல்ல மழை நாளாப் பாத்து அதே பாக், அதே சப்பாத்தோட பண்ணைப் பாலத்தால மண்டைதீவுச் சந்தி வரைக்கும் போய்வாங்கோ, கடற்காத்தும் மழையும் சேர்ந்து அடிக்கேக்க உங்கடை சாமானில எது ஒழுகுது எண்டு விளங்கும். ஆக்கள் ஒரு மாதிரித்தான் பாப்பினம், பாக்கட்டும்.

போறது லேசு. ஏ9 றோட்டு மாத்தளைக்குள்ளாலதான் கண்டிக்குப் போகுது, ரிவர்ஸ்டன், இலுக்கும்புர பக்கத்தால ஏறுறதெண்டால் கண்டி போய்த் திரும்பத் தேவையில்லை, கண்டி இரவு பஸ்ஸில மாத்தளையில முத்துமாரியம்மன் கோயிலடியில இறங்கி, இறத்தோட்டைப் பஸ் பிடியுங்கோ. மீமுரைப் பக்கம் எண்டால்தான் கண்டியால சுத்தோணும். இது பாதுகாக்கப்பட்ட காடு, வனவளத் திணைக்களத்தின்ரை ரிக்கெற்றும் இரவு தங்க அனுமதியும் முதலே எடுங்கோ, கூகிள் மப்பை நம்பிக் களவாப் பூராதேங்கோ. ஊர் ஆள் ஒருத்தரைக் கைடாக் கூட்டிக்கொண்டு போங்கோ, எந்த ஓடை எந்த நேரம் ஏறும் எண்டது அவருக்குத்தான் தெரியும். அவர் இண்டைக்கு வேண்டாம் எண்டால் வேண்டாம்தான், காசு குடுத்தனாங்கள் எண்டு வாதாடாதேங்கோ.

வந்தாப்பிறகு ஒரு விசயம். ஈரமண், தேங்கின தண்ணி, காலில சின்னக் காயம் எண்டால் எலிக்காய்ச்சல் வரலாம், 2024 மார்கழியில எங்கடை குடாநாட்டிலயே அதால ஆக்கள் செத்தவை. வயலுக்க இறங்கிற ஆக்களுக்குக் குடுக்கிற தடுப்புக் குளிசை உங்களுக்குத் தேவையோ எண்டு போறதுக்கு முதல் சுகாதார வைத்திய அதிகாரி கந்தோரில கேளுங்கோ, பாமசியில நீங்களா வாங்கிப் போடவேண்டாம். திரும்பி வந்து ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு எண்டு வந்தால் பனடோலோட படுத்துக் கிடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், மலைக்குப் போய் ஈரத்துக்க நிண்டனான் எண்டதை டொக்டர் கேக்க முதலே சொல்லுங்கோ.